தலைமையும் பட்டறிவும்

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம்மவர் நாவில் நெடுநாளாக வழங்கிவரும் பழமொழி. இது கல்வியை இகழ எழுந்ததன்று. கற்றது கைக்கு வாராதவழி அக்கல்வி நிறைவுறாது என்பதனையே அறிவுறுத்துவது. நீச்சல், உழவு, நெசவு, மருத்துவம் ஆகியவற்றிற்கு இம்மொழி பொருந்தும் என்பதனை மறுப்பார் இலர். ஆயின், தலைமை என்னும் பண்பிற்கும் இது பொருந்துமோ? தலைவர் என்போர் பிறக்கும்போதே தலைவராய்ப் பிறக்கின்றனரா? அன்றி, நூல்களைக் கற்றும் சொற்பொழிவுகளைக் கேட்டும் தலைவராகின்றனரா? அன்றி, நீரில் இறங்கியே நீச்சல் கற்பதுபோலத் தலைமை தாங்கியே தலைமையைக் கற்கவேண்டுமா?

இவ்வினா நமக்கு வெறும் ஏட்டு வினாவன்று. ஆண்டுதோறும் நம் மன்றங்களுக்குச் செயலாளரையும், விடுதிக்கு உணவுப் பொறுப்பாளரையும், ஆட்டக் குழுக்களுக்குத் தலைவரையும் தேர்ந்தெடுக்கின்றோம். அவருள் சிலர் ஆண்டிறுதியில் வளர்ந்து நிற்கின்றனர். சிலர் பெயர்ப்பலகையில் தம் பெயரை மட்டும் விட்டுச் செல்கின்றனர். இவ்வேறுபாடு எதனால் நேர்கின்றது? இளைஞர்க்குச் செயல்வழியாகத் தலைமை பயிற்றிய இரண்டு பெருமுயற்சிகளின் வரலாற்றைத் துணைக்கொண்டு இதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முற்றுகையிற் பிறந்த எண்ணம்

தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர்க்கும் போயர் என்பார்க்கும் மூண்ட போரில், மாபெக்கிங் என்னும் சிற்றூர் 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாள் முற்றுகையிடப்பட்டது. அவ்வூர்க் காவலை ஏற்றிருந்தவர் பேடன் பவல் என்னும் படைத்தலைவர். அவரிடமிருந்த வீரர் தொகை சிறிது; காக்கவேண்டிய எல்லையோ பெரிது. ஆகவே அவருடைய துணைவராகிய எட்வர்டு செசில் பிரபு, ஊர்ச் சிறுவர்களைத் திரட்டி ஓர் அணி அமைத்தார். செய்தி கொண்டு செல்லுதல், மருத்துவமனையில் உதவுதல், பகைவர் வரவை நோக்கிக் காவலிருத்தல் ஆகிய வேலைகள் அவர்கள்பால் ஒப்படைக்கப்பெற்றன. தொடக்கத்தில் கழுதைகளின்மீதும், பின்னர் மிதிவண்டிகளின்மீதும் ஏறி அவர்கள் செய்தி சுமந்தனர். அவர்களுக்குத் தலைவனாய் அமைந்த வார்னர் குட்இயர் என்பான் ஏறக்குறையப் பதின்மூன்று வயதினன்.

அம்முற்றுகையின் புகழ் முழுவதும் வெள்ளையரையே சார்ந்தது. அவ்வூரில் அகப்பட்டுப் பசியால் நலிந்த ஆப்பிரிக்க மக்களின் துயரம் நெடுங்காலம் பேசப்படாது கிடந்தது. இதனையும் நாம் மறத்தலாகாது. ஆயினும், பேடன் பவலின் உள்ளத்தில் ஓர் உண்மை ஆழப் பதிந்தது. விளையாட்டுப் பிள்ளைகள் என்று கருதப்பட்டோர், மெய்யான வேலை தம் கைக்கு வந்தவுடன் மெய்யான ஆடவராய் ஒழுகினர் என்பதே அது.

பிரௌன்சீத் தீவின் எட்டு நாள்

தாயகம் மீண்ட பேடன் பவல், படைவீரர்க்கென 1899-இல் வெளிவந்த தம் கைந்நூலொன்றைச் சிறுவர்களும் ஆசிரியர்களும் விரும்பிப் படிப்பதனைக் கண்டு வியந்தார். 1883-இல் கிளாஸ்கோ நகரில் சிறுவர் படை என்னும் கிறிஸ்தவ இயக்கத்தைத் தோற்றுவித்த வில்லியம் சுமித், அந்நூலைச் சிறுவர்க்கேற்பத் திருத்தி எழுதுமாறு அவரைத் தூண்டினார். எழுதுவதற்குமுன் தம் எண்ணங்களைச் செய்து பார்த்தல் நன்றென்று கருதிய அவர், 1907 ஆகஸ்டு முதல் நாளில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பூல் துறைமுகத்தை அடுத்த பிரௌன்சீத் தீவில் ஒரு முகாம் தொடங்கினார். வந்த சிறுவர் ஏறக்குறைய இருபதின்மர். அவருள் ஒரு சாரார் செல்வர் பயிலும் பள்ளிகளினின்றும் வந்தோர். மற்றொரு சாரார் அவ்வட்டாரத்துச் சிறுவர் படையைச் சேர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அக்காலத்து ஆங்கில நாட்டில் இவ்விரு திறத்தாரும் ஒரே கூடாரத்தில் உறங்குதல் எளிதில் காணக்கூடிய காட்சியன்று.

இவர்களைப் பேடன் பவல் ஓநாய், காளை, காக்கை, கர்லூ என்னும் கடற்கரைப் பறவை ஆகிய பெயர்களால் நான்கு அணிகளாக வகுத்தார்; ஒவ்வோர் அணிக்கும் மூத்த சிறுவன் ஒருவனைத் தலைவனாக்கினார். தம் அணியின் ஒழுக்கத்திற்கு அத்தலைவனே பொறுப்பாவான். தண்டனையால் அடக்குதலை விடுத்து, நன்கு நடப்பேன் என்று அவரவர் தந்த சொல்லையே ஆசிரியர் நம்பினர்.

அம்முகாமில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இரவுக் காவலேயாகும். ஒவ்வோர் இரவும் ஓர் அணி தன் முறைக்கு மாவு, கிழங்கு, இறைச்சி, தேயிலை முதலியவற்றை அளந்து பெற்றுக்கொண்டு, போர்வையும் சமையற்கலமும் சுமந்து, குறித்த இடத்திற்குத் தனியே செல்லும். அங்கே தீ மூட்டிச் சமைத்து உண்டு, காவலரை நிறுத்தித் துயிலும். பேடன் பவலும் ஏனை அணித்தலைவர்களும் அவ்விருளில் ஒளிந்து சென்று அக்காவலைச் சோதிப்பர். இதனை நாம் உற்று நோக்குதல் வேண்டும். சோறு குழைந்தால் அதனை உண்பவர் அவர்களே; காவலன் உறங்கிவிட்டால் தோற்பதும் அவர்களே. பிழையின் பயனைப் பிழை செய்தவரே உடனே உணரும் இடம் அது. தேர்வுத் தாளில் பெறும் மதிப்பெண் ஆசிரியர் அளிப்பது. அடிபிடித்த சோறோ தானே பேசுவது.

எனினும் அவர்கள் கைவிடப்பட்டாரல்லர். பெரியோர் அண்மையிலேயே இருந்தனர்; ஆயின் கண்ணுக்குத் தென்படாது இருந்தனர். இத்தகைய பயிற்சிகள் அனைத்தின் நுட்பமும் இவ்வொன்றிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

1908 சனவரி முதல் அவர் எழுதிய சாரணர் நூல் ஆறு பகுதிகளாக வெளிவந்தது. ஆசிரியர் அழைக்குமுன்னரே சிறுவர்கள் தாமே கூடி அணிகளாகி, பின்னர்த் தமக்கொரு தலைவரைத் தேடிச் சென்றனர். 1909-இல் இலண்டன் கிறிஸ்டல் மாளிகையில் ஏறக்குறையப் பதினோராயிரம் சிறுவர் கூடிய பேரவைக்கு, அழைப்பின்றியே சில சிறுமியரும் வந்து, தாமும் சாரணரே என்று நின்றனர். அதன் பயனாக 1910-இல் பெண்களுக்குத் தனி இயக்கம் தோன்றிற்று. தலைமையைக் கேளாமல் எடுத்துக்கொண்ட அச்சிறுமியரே அவ்வியக்கத்தின் முதற் பாடத்தை நன்கு கற்றவர் என்று யான் கருதுகின்றேன்.

சாரணர் என்னும் பெயர் தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் செல்லும் வழியில் கண்டு வணங்கிய சமணப் பெரியோர் சாரணர் எனப்பட்டனர். ஒற்றரையும் இச்சொல் குறிக்கும். அறத்தின்பொருட்டு உலகில் திரிதலும், விழிப்புடன் நோக்குதலும் ஆகிய இருபொருளும் இவ்வியக்கத்திற்குப் பொருந்துதல் காண்க.

நம் நாட்டில் 1909-இல் இவ்வியக்கம் தொடங்கியபோது அது ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ-இந்தியர்க்கும் உரியதாகவே இருந்தது. தலைமைப் பண்பு நிறத்தால் அமைவது என்று கருதினர் போலும்! இக்குறையைப் பொறாத அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டனர். 1921-இல் பேடன் பவல் இந்நாட்டிற்கு வந்தபோது அச்சங்கம் அவரது இயக்கத்தோடு இணைந்தது. பல்வேறு சங்கங்களாய்ப் பிரிந்து நின்றவை 1950-இல் பாரத சாரண சாரணியர் இயக்கமாக ஒன்றுபட்டன. வாய்ப்பு மறுக்கப்பட்டோர் திறமற்றோராய்த் தோன்றுவர். வாய்ப்புக் கிட்டியபின் அத்தோற்றம் மறையும். நம் சாரணர் வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே.

அபர்தவிக் கடற்கரை

இனி இரண்டாம் முயற்சியைக் காண்போம். குர்ட் ஹான் என்பவர் 1886-இல் பெர்லின் நகரில் யூதக் குடும்பமொன்றில் தோன்றியவர். 1920-இல் ஜெர்மானிய நாட்டில் சாலம் என்னுமிடத்தில் ஒரு பள்ளியை நிறுவ முன்னின்றவர். 1932-இல் ஹிட்லரின் கட்சியினர் செய்த கொலையொன்றை ஹிட்லர் ஆதரித்தபோது, சாலம் பள்ளியின் பழைய மாணவர்க்கு அவர் ஒரு கடிதம் விடுத்தார். சாலமா, ஹிட்லரா, இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. 1933-இல் சிறைப்பட்டு, விடுதலை பெற்றபின் பிரிட்டன் சென்ற அவர், 1934-இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார்.

இரண்டாம் உலகப்போரில் வாணிகக் கப்பல்கள் பல பகைவரால் மூழ்கடிக்கப்பட்டன. உயிர்ப்படகில் தத்தளிக்கும்போது, உடல் வலிமை மிக்க இளைஞரினும் கடலில் முதிர்ந்த மூத்த மாலுமியரே உயிர் தப்புகின்றனர் என்று கப்பல் முதலாளியாகிய லாரன்சு ஹோல்ட் கருதினார். இளைஞர்க்குக் குறைவாயிருந்தது தோள்வலியன்று. தம்மால் இயலும் என்னும் உள்ளத்துறுதியே. ஹோல்ட்டின் பொருளுதவியும் ஹானின் கல்விக் கொள்கையும் கூட, 1941-இல் வேல்ஸ் நாட்டுக் கடற்கரையூராகிய அபர்தவியில் ஒரு பள்ளி எழுந்தது. துறைமுகத்தை விட்டுக் கடலை நோக்கிப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் ‘அவுட்வர்டு பவுண்டு’ என்பது அதன் பெயர்.

அப்பயிற்சி ஒரு திங்கள் அளவினது. கப்பற் பயிலுநரும், தொழிற்சாலைச் சிறுவரும், பள்ளி மாணவரும் ஒருங்கு சேர்ந்து படகு செலுத்தினர். வரைபடத்தின் துணையால் மலைவழி நடந்தனர். ஆபத்தில் வீழ்ந்தோரை மீட்கும் முறை பயின்றனர். இறுதியில் நெடும்பயணம் மேற்கொண்டனர். கடல் தொழிலுக்கு ஆள் பயிற்றுதல் அன்று, கடலையே ஆசானாகக் கொண்டு மனிதரைப் பயிற்றுதலே அதன் நோக்கமாயிற்று. அவ்வித்து பின்னர் உலகின் பல நாடுகளிலும் பரவிற்று. 1956-இல் தொடங்கிய எடின்பரோக் கோமகன் விருதுத் திட்டமும் ஹானின் எண்ணங்களை அடியாகக் கொண்டதே.

ஒரே தீ, இரு வேறு முகாம்

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. முகாமும் மலைப்பயணமும் கூடாரத் தீயும் இளைஞரைத் தலைவராக்கும் என்றால், ஹிட்லரின் இளைஞர் படையிலும் இவையெல்லாம் இருந்தனவே! அங்கும் சிறுவர் கூடாரமடித்தனர், அணிவகுத்தனர், தீயைச் சூழ்ந்து பாடினர், இளையோர்க்கு இளையோரே தலைவராயினர். அவ்வாறாயின் வேறுபாடு யாது?

வேறுபாடு தீயில் இல்லை. தீயைச் சூழ்ந்திருந்தார்க்கு அளிக்கப்பட்ட உரிமையில் உள்ளது. ஓரிடத்தில் இளைஞர் ஆராய்ந்து முடிவு செய்யப் பழக்கப்பட்டனர்; மற்றோரிடத்தில் ஆராயாது பணியப் பழக்கப்பட்டனர். ஓரிடத்தில் வலிமை, நீரில் மூழ்குவோனை மீட்கப் பயன்பட்டது. மற்றோரிடத்தில் எளியோரை மிதிக்கப் பயன்பட்டது. அமெரிக்கக் கல்வி அறிஞர் ஜான் டூயி 1938-இல் வெளியிட்ட நூலில், பட்டறிவு அனைத்தும் கல்வியாகாது என்றும், மேல்வளர்ச்சியைத் தடுக்கும் பட்டறிவும் உண்டென்றும் விளக்கினார். அவ்வாண்டிலேயே ஐரோப்பா அதற்குச் சான்று பகர்ந்துகொண்டிருந்தது.

ஆகவே, பட்டறிவு கல்வியாதற்கு அதன்பின் எண்ணிப் பார்த்தல் வேண்டும். டேவிட் கோல்பு என்னும் அறிஞர் 1984-இல் இதனை நான்கு படிகளாக வகுத்தார். முதற்கண் செயல், அடுத்து அதனைத் திரும்பி நோக்குதல், பின்னர் அதிலிருந்து ஒரு பொதுக்கருத்தைக் காணுதல், அதன்பின் அக்கருத்தைப் புதிய செயலில் சோதித்தல். இந்நான்கும் சக்கரம்போல் சுழல்வன. இரண்டாம் படியை விட்டுவிட்டால் முகாம் சுற்றுலாவாய் முடியும்.

இம்முறையின் பயன் நிலைக்குமோ என்பாரும் உளர். ஜான் ஹாட்டி முதலிய ஆய்வாளர் 1997-இல், இத்தகைய பயிற்சிகளைப் பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். பயிற்சிக்குப் பயிற்சி பயன் பெரிதும் வேறுபட்டது. மூன்று கிழமையளவு நீண்டவை குறுகியவற்றினும் மிக்க பயன் தந்தன. வியப்பென்னையெனின், பயிற்சி முடிந்தபின் அப்பயன் தேய்ந்துபோகாது மேலும் வளர்ந்தது என்பதாம். தம் கையாற் பெற்ற உறுதி, தேர்வுக்குப் பின் மறக்கும் பாடம் போன்றதன்று.

மற்றொன்றும் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1993 மார்ச்சு மாதத்தில், இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் சிறுபடகுப் பயிற்சிக்குச் சென்ற மாணவருள் நால்வர் உயிரிழந்தனர். போதிய தேர்ச்சியுடைய பயிற்றுநரும் தக்க முன்னேற்பாடும் இல்லாமையே காரணமாயிற்று. 1995-இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இளைஞரைத் தனியே விடுதல் வேறு, கைவிடுதல் வேறு. பிரௌன்சீயின் இருளில் பெரியோர் ஒளிந்து நின்றனர், இல்லாது போய்விடவில்லை.

யான் கண்ட பாடம்

நம் நாட்டில் 1969-இல், காந்தியடிகளின் நூற்றாண்டில், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. அதன் ஏழு நாள் முகாம் நம்மில் பலர் அறிந்ததே. அத்தகைய முகாமொன்றில் எண்மர் கொண்ட குழுவுக்கு யான் தலைவனாய் இருந்தேன். ஓர் ஊருணிக் கரையில் மண்டிய சீமைக் கருவேலை அகற்றுதலும், காலை உணவு ஆக்குதலும் எங்கள் பங்கு. யான் மிக ஊக்கமாய் உழைத்தேன். பண்டப் பெட்டியின் சாவி என்னிடம். அரிசிக் கணக்கு என்னிடம். ஊராட்சித் தலைவரோடு பேசியவனும் யானே. பிறரை வருத்தாமல் எல்லாவற்றையும் யானே சுமத்தலே தலைமை என்று எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன்.

நான்காம் நாள் காய்ச்சல் என்னைப் படுக்கையில் வீழ்த்தியது. அன்று காலை சமையல் நடைபெறவில்லை; சாவி என் தலையணையின்கீழ் இருந்தது. எக்கரையில் வெட்டவேண்டும் என்பதனை ஒருவரும் அறியார். நண்பர்கள் தம் ஊக்கத்தால் மறுகரையில் வெட்டினர். அங்கே உழவர் ஒருவர் தம் வயலுக்கு வேலியாக இட்டிருந்த முள்ளை அழித்துவிட்டனர். அப்பெரியவர் வந்து நின்று, “ஆடு மாடு மேஞ்சா யாருப்பா பதில் சொல்றது?” என்று கேட்டார். விடை கூறுவார் இல்லை.

அன்று மாலை எம் பேராசிரியர் எங்களை வட்டமாக அமர்த்தி, நடந்ததனை ஒவ்வொருவரும் கூறுமாறு பணித்தார். எவரும் என்னைப் பழிக்கவில்லை. முதலாண்டு மாணவனாகிய தம்பி ஒருவன் மட்டும் தலைகுனிந்து, “அண்ணா, எங்களிடம் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே” என்றான். அவ்வொரு சொல் காய்ச்சலினும் என்னைச் சுட்டது. யான் அவர்களுக்காக உழைத்தேன். ஆனால் அவர்களை நம்பவில்லை.

பேராசிரியர் மறுநாளைய தலைமையை அத்தம்பிக்கே அளித்தார். அவன் முதலில் செய்தது கட்டளையிடுதலன்று. அவ்வுழவரிடம் சென்று, “ஐயா, வேலியை எப்படிக் கட்டவேண்டும் என்று எங்களுக்குக் காட்டுங்கள்” என்று கேட்டதே. அப்பெரியவரே எங்களுக்கு ஆசானாயினார். நண்பகலுக்குள் வேலி எழுந்தது. யான் அத்தம்பியின் ஏவற்படி முள் சுமந்தேன். தலைமையைப் பற்றி யான் கற்ற அனைத்திலும் அரைநாள் சுமந்த அம்முட்களே எனக்கு மிகுதியும் கற்பித்தன.

முடிவுரை

வள்ளுவனார் ‘தெரிந்து வினையாடல்’ என்றோர் அதிகாரமே வகுத்தனர். தகுதியை ஆராய்ந்து, தக்கான் இவனெனத் தெளிந்தபின், வினையை அவன்பால் விட்டுவிடுக என்பது அதன் உட்கிடை. அஃது அரசர்க்கு உரைத்தது. கல்விக்கூடத்திற்கோ அதனினும் அரிய கடமையொன்று உண்டு. இன்னும் தகுதி நிரம்பாதான்பால் வினையை ஒப்படைத்து, அவ்வினையாலேயே அவனைத் தகுதியுடையான் ஆக்குதல் அது. தெரிந்து கொடுத்தல் ஆட்சி. கொடுத்துத் தெரியச் செய்தல் கல்வி.

ஆகவே, நம் மன்றங்களிலும் விடுதிகளிலும் முகாம்களிலும் இளையோர்க்கு அளிக்கப்படும் பொறுப்பு மெய்யானதாகுக. பிழைத்தால் அதன் பயன் தெரியத்தக்கதாகுக. குழு சிறிதாகுக, தலைமை ஒருவரிடமே தங்காது முறையே சுழல்க. ஒவ்வொரு வினைக்குப் பின்னும், நடந்ததனை அச்சமின்றிப் பேசும் ஒரு மாலைப்பொழுது அமைக. வலிமை அனைத்தும் பிறர்க்குப் பணிசெய்தலையே நாடுக. உயிருக்கு ஊறு நேராவண்ணம் பெரியோர் காவல் அண்மையில் நிற்க.

ஆசிரியப் பெருமக்களே! நாங்கள் சோற்றைக் குழைப்போம். சில வேளைகளில் வேலியையும் வெட்டிவிடுவோம். அதுகண்டு சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதிருப்பீராக. கல்லூரியை விட்டுச் சென்ற மூத்தோரே! நுங்கள் கையில் முதன்முதல் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொறுப்பை நினைவுகூர்ந்து, அதனை இளையார் ஒருவர்க்கு அளிப்பீராக. உடன்பயிலும் நண்பர்காள்! நம் கையிலும் ஒரு சாவி உண்டு. அதனைத் தலையணையின்கீழ் வைத்துத் துயிலாது, நமக்கு அடுத்து நிற்கும் தம்பி தங்கையர் கையில் வைப்போமாக.